அரசு தாங்கும், ஊராட்சி தாங்குமா?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ கல்வெட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். ஊராட்சிச் சொத்துகளின் இன்ஷூரன்ஸ் பாலிசியை ஆண்டுதோறும் புதுப்பிப்பது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அதில் பேச என்ன இருக்கிறது? கெடு முடியும் முன் பணத்தைக் கட்டவேண்டும், அவ்வளவுதானே" என்றார் ஒரு நண்பர். பொதுத்துறை இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த 'அவ்வளவுதானே' பல கிளைம்களைக் கவிழ்த்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எனவே பொருளை மாற்றிக்கொள்ளவில்லை, பொறுத்தருள்க.

நாம் கூடியிருக்கும் இந்த ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தில் 11 கிராம ஊராட்சிகள். சமவெளி ஊர்களைப் போல் குவிந்து கிடப்பவை அல்ல. சரிவில் ஒன்று, ஓடைக்கு அந்தப்பக்கம் ஒன்று என்று சிதறிய குக்கிராமங்கள். இவற்றுக்காக ஊராட்சியும் ஒன்றியமும் சேர்த்து வைத்திருக்கும் சொத்து என்ன? மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சின்டெக்ஸ் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, அதில் இறக்கிய மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, தெருவிளக்கு, ஊராட்சி அலுவலகம், ஒன்றியப் பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், சமுதாயக் கூடம், குப்பை அள்ளும் வண்டி, ஒன்றிரண்டு டிராக்டர். தனித்தனியே பார்த்தால் பெரிய சொத்தில்லை. ஆனால் ஒரு மோட்டார் எரிந்தால் ஒரு குக்கிராமம் முழுக்க ஓடைத் தண்ணீருக்கு இறங்கும்.

இவற்றில் எதற்கெல்லாம் பாலிசி இருக்கிறது என்று கேட்டால், பொதுவாக வண்டிக்கு மட்டும் இருக்கும். கட்டடத்துக்கு ஏன் இல்லை என்றால், "அரசாங்கச் சொத்துக்கு எதற்கு சார் இன்ஷூரன்ஸ்?" என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. அரசு தன் சொத்தைப் பொதுவாக இன்ஷூர் செய்வதில்லை என்பது நிதி நிர்வாகத்தின் பழைய கொள்கை. மாநிலம் முழுக்கப் பல்லாயிரம் கட்டடங்கள் வைத்திருப்பவருக்கு ஒரே ஆண்டில் எல்லாம் இடியாது. ஏதோ சில இடியும். அவற்றை வருவாயிலிருந்து கட்டிக்கொள்ளலாம். கம்பெனிக்கு பிரீமியமாகக் கொடுத்தால் அதன் நிர்வாகச் செலவும் லாபமும் சேர்த்தல்லவா கொடுக்கவேண்டும்? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு கோட்டைக்குப் பொருந்தும். இந்த மலையின் கோவிலூருக்கோ நம்மியம்பட்டுக்கோ பொருந்தாது. ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலம் தாங்கும் நஷ்டத்தை, அவற்றில் ஒன்றாக மட்டும் இருக்கும் ஊராட்சி தாங்க முடியாது. தன்னிடம் பணமில்லாத ஊராட்சி, பணம் இருப்பவரின் தோரணையில் "எனக்கு எதற்கு இன்ஷூரன்ஸ்" என்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த முரணைத்தான்.

சட்டம் இந்த வேறுபாட்டை எப்போதோ கண்டுகொண்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓடக்கூடாது என்பது அது. மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமாகி, வணிகத்தோடு தொடர்பில்லாத அரசுப் பணிக்கு ஓடும் வண்டிக்கு நேரடி விலக்கு உண்டு. உள்ளாட்சிக்கு அப்படி இல்லை. அரசு தனியே ஆணை பிறப்பித்தால்தான் விலக்கு. அந்த ஆணையும், விபத்து இழப்பீட்டைக் கொடுக்க ஒரு நிதியை அந்த உள்ளாட்சி ஏற்படுத்திப் பராமரித்தால்தான் கிடைக்கும். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே ஏற்பாடு: விலக்கு வேண்டுமா, முதலில் நிதியைக் காட்டு.

நிதியை நம்பி ஓடுவது எப்படி இருக்கும் என்பது தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் சொன்ன தொகையைப் போக்குவரத்துக் கழகம் கட்டாமல் இழுக்கும். ஒருநாள் நீதிமன்ற ஊழியர்கள் வந்து பேருந்தை ஜப்தி செய்வார்கள். பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி நிற்பார்கள். கழகத்துக்காவது ஜப்தி செய்ய ஆயிரக்கணக்கான பேருந்துகள் இருக்கின்றன. ஊராட்சியின் டிராக்டரை ஜப்தி செய்தால் அடுத்த நாள் குப்பை யார் அள்ளுவார்?

ஆகவே ஊராட்சிச் செயலர்களே, முதலில் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். வண்டியை மாவட்டம் வாங்கி ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும். உரிமையாளர் இடத்தில் யார் பெயர் என்று பார்க்காமலே ஓட்டிக்கொண்டிருப்போம். பேட்டரி வண்டிக்குப் பதிவும் இன்ஷூரன்ஸும் தேவையா என்பது அதன் மோட்டார் திறனையும் வேகத்தையும் பொறுத்தது; 250 வாட்டும் மணிக்கு 25 கிலோமீட்டரும் தாண்டாததற்கு வேண்டாம், தாண்டினால் வேண்டும்.

இன்னொன்று மலைக்கே உரியது. பேருந்து குறைவு, சரக்கு வேனில் ஏறிப் போவது பழக்கம். 2.4.2022 அன்று இதே மலைத்தொடரின் திருப்பத்தூர் பக்கம், புதூர்நாடு அருகே செம்பரையில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் மாண்டார்கள். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிச் செல்பவருக்கு அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசி பொறுப்பேற்காது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 20 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஊராட்சி டிராக்டரின் டிரெய்லரில் விழாவுக்கு ஆள் ஏற்றினால், பாலிசி கையில் இருந்தும் இல்லாத நிலைதான். "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்ற தைரியத்தில் ஏற்றாதீர்கள்.

இனி கட்டடத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

நெடுங்காலமாக விற்கப்பட்டுவந்த தீ மற்றும் சிறப்பு இடர்ப் பாலிசியை யாரும் முழுக்கப் படிப்பதில்லை. விற்ற ஏஜென்ட்டும் படித்திருக்க மாட்டார். தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், கலவரம், நிலச்சரிவு, தொட்டி வெடித்தல் என்று அது பொறுப்பேற்கும் இடர்களின் வரிசை நீளமானது. ஊராட்சிக்காரர் அதைப் பார்த்து நிம்மதி அடைவார். கீழே சிறிய எழுத்தில் ஒரு விலக்கு: அளவுக்கு மீறிய மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு இவற்றால் ஒரு மின் சாதனம் கெட்டால் அந்தச் சாதனத்துக்கு இழப்பீடு இல்லை. காரணம் இடியாக இருந்தாலும் இல்லை. எரிந்த மோட்டாரிலிருந்து தீ பரவிப் பக்கத்து அறை எரிந்தால் அறைக்குப் பணம் உண்டு, மோட்டாருக்கு இல்லை. மலை ஊராட்சியில் அடிக்கடி நேரும் நஷ்டம் எது என்று எந்த டேங்க் ஆபரேட்டரைக் கேட்டாலும் மோட்டார் என்றுதான் சொல்வார். வோல்டேஜ் ஏறி இறங்கும், காயில் கருகும். அதற்கு இயந்திரப் பழுதுப் பாலிசி தனி. அதை வாங்காமல் தீப் பாலிசியை மட்டும் 10 ஆண்டு புதுப்பித்த உள்ளாட்சி, தனக்கு நேராத இடர்களுக்குப் பணம் கட்டி, தினமும் நேரும் இடரை வெளியே விட்டிருக்கிறது.

அடுத்தது காட்டுத்தீ. கோடையில் இந்தச் சரிவுகளில் தீக்கோடு ஏறுவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பழைய பாலிசியில் புதர்த்தீ உண்டு, காட்டுத்தீ கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளவேண்டும். காட்டு ஓரத்து அங்கன்வாடிக்குக் காட்டுத்தீ விலக்கோடு ஒரு தீப் பாலிசி! 1.4.2021 முதல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சொத்துக்கான பாலிசி. அதில் காட்டுத்தீயும் நிலநடுக்கமும் தொடக்கத்திலேயே உள்ளடங்கும். சிறு தொழில்களை மனத்தில் வைத்து எழுதியதுதான். என்றாலும் ஊராட்சி அளவுக்குப் பழையதைவிட இது பொருத்தம். புதுப்பிக்கும்போது எந்தப் படிவத்தில் புதுப்பிக்கிறோம் என்று கேட்டால்தான் இது தெரியவரும். சென்ற ஆண்டு பாலிசியை நகலெடுத்து "இதேபோல் போடுங்கள்" என்றால் ஓட்டையும் நகலாகும்.

பழைய பாலிசியில் இன்னொரு நிபந்தனை. கட்டடம் ஆளில்லாமல் 30 நாளுக்குமேல் பூட்டிக் கிடந்தால், முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்காவிட்டால், பாதுகாப்பு நின்றுவிடும். எத்தனை சமுதாயக் கூடங்கள் ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் நடுவில் பூட்டிக் கிடக்கின்றன! பிரீமியம் கட்டியாகிறது, பாலிசி சட்டத்தின் கண்ணில் செத்துக் கிடக்கிறது.

தொகை விஷயத்துக்கு வருகிறேன். சம் இன்ஷூர்டு என்பது பலரும் நினைப்பதுபோல் "இதுவரைக்கும் கொடுப்பார்கள்" என்ற உச்சவரம்பு மட்டுமன்று. 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கட்டடத்தை 20 லட்சத்துக்குப் பதிந்திருந்தால், 4 லட்ச ரூபாய் சேதத்துக்கு 2 லட்சம்தான் வரும். மீதிப் பாதிக்கு நீங்களே இன்ஷூரர் என்பது சராசரி விதியின் தர்க்கம். நான் சொன்ன புதிய பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் கத்தரி விழும். மலையில் இது இன்னும் கூர்மை. மணலும் ஜல்லியும் சிமென்ட்டும் போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஏறி வரவேண்டும். வண்டி போகாத குக்கிராமத்துக்குத் தலைச்சுமை. மதிப்பீடு மட்டும் பத்தாண்டுக்கு முன் கட்டி முடித்தபோது எழுதிய ஒப்பந்தத் தொகையாகவே இருக்கும். கட்டடத்தைத் திரும்பக் கட்ட இன்று என்ன ஆகும் என்பதை ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டு எழுதுங்கள். நிலத்தின் மதிப்பை அதில் சேர்க்கவேண்டாம், நிலம் எரிவதில்லை.

இதற்கு எதிர்க்கோடியிலும் ஒன்று நடக்கும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்தபின், மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். எங்கெல்லாம் பாலிசி இருந்ததோ, அங்கெல்லாம் பாலிசியின் சொத்துப் பட்டியலான ஷெட்யூலிலிருந்தும் அவற்றை நீக்கியிருக்கவேண்டும். இல்லாத கட்டடத்துக்கு பிரீமியம் கட்டுவது பெரிய நஷ்டமில்லை. அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டடம் ஷெட்யூலில் ஏறாமல் போவதுதான் நஷ்டம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து, "நான் தேடுவது ஓட்டுக் கட்டடம், இங்கே இருப்பது கான்கிரீட்" என்று குறிப்பு எழுதிவிட்டால் முடிந்தது கதை.

புதுப்பிக்கும் தேதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64-விபி பிரிவு ஒரு வரிக் கட்டளைதான்: பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி இடரை ஏற்கக்கூடாது. அரசு அலுவலகத்தின் இயல்போ இதற்கு நேரெதிர். பொருள் முதலில் வரும், பில் பிறகு, பணம் அதற்கும் பிறகு. "கடிதம் கொடுத்துவிட்டோம், காசோலை அடுத்த வாரம்" என்பது சிமென்ட் கடைக்காரரிடம் செல்லும், இங்கே செல்லாது. அந்த ஒரு வாரத்தில் புயல் அடித்தால் கம்பெனி மேலாளர் நல்லவராக இருந்தும் பயனில்லை. சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது.

ஊராட்சியின் பணம் மூன்று கணக்குகளில் கிடக்கிறது. இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும், மூன்றாவது திட்டங்களுக்கு. பிரீமியம் முதல் கணக்கிலிருந்துதான் வரமுடியும். எல்லாச் செலவும் மோதும் கணக்கும் அதுதான். பாலிசி மார்ச் 31-இல் முடியும்படி வைத்திருந்தால், நிதியாண்டுக் கடைசி நெரிசலில் அது பின்னால் தள்ளப்படும். கம்பெனிகளின் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களும் இந்தியாவில் ஏப்ரல் 1-இல்தான் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த வாரத்தில் விலை கேட்டால் அவர்களுக்கே விலை தெரியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் முடியும்படி பாலிசிகளையெல்லாம் ஒரே தேதிக்குக் கொண்டுவரலாம். இடைப்பட்ட மாதங்களுக்குக் குறுகிய காலப் பாலிசி எடுத்து நேர்செய்துகொள்ளலாம். கையெழுத்துப் பொறுப்பும் ஒரு சிக்கல்: 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 5.1.2025-இல் முடிந்து தனி அலுவலர் பொறுப்பு வந்தது. தலைவர் மாறினாலும் அலுவலர் மாறினாலும் பாலிசி முடியும் தேதி மாறாது. அது சுவர் நாட்காட்டியில் இருக்கட்டும், ஒருவரின் நினைவில் வேண்டாம்.

தூய்மைக் காவலர்களுக்கும் டேங்க் ஆபரேட்டர்களுக்கும் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவும் இப்படித்தான். மே கடைசியில் வங்கிக் கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் பாதுகாப்பு அறுந்துவிடும். மே மாதத்தில் ஒருமுறை நினைவூட்டுவது செயலருக்குப் பெரிய வேலையில்லை. பணியிடத்தில் விபத்து நேர்ந்தால் சட்டப்படி முதலாளி தரவேண்டிய இழப்பீடு இதனால் குறையாது என்பதையும் மறக்கவேண்டாம்.

பிறருக்கு நேரும் தீங்குக்குப் பொறுப்பு என்ற பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டில்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சியின் மணிக்கூண்டு விழுந்து பலர் இறந்தார்கள். 40, 45 ஆண்டு தாங்கக்கூடிய கட்டுமானம், 80 வயதாகியும் யாரும் சோதிக்கவில்லை. அலட்சியத்தைத் தனியே நிரூபிக்கத் தேவையில்லை, கூண்டு விழுந்ததே போதும் என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணிக்கூண்டு இருந்த இடத்தில் மேல்நிலைத் தொட்டியை வைத்துப் பாருங்கள். இங்கே ஜமுனாமரத்தூரில் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறுகிறது. கோலப்பன் ஏரிக்கும் பீமன் அருவிக்கும் ஆள் வருகிறது. எந்த இடம் எந்தத் துறையுடையது என்று வருபவருக்குத் தெரியாது. தடுப்புக் கம்பி ஒடிந்து விழுந்தவரின் வழக்கறிஞர் எல்லோரையும்தான் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார். பாலிசி இருக்கிறது என்று பழைய தொட்டியைச் சோதிக்காமல் விடவும் முடியாது; தேய்மானத்தை எந்தப் பாலிசியும் ஏற்பதில்லை.

எல்லாம் சரி, 11 ஊராட்சிகளும் தனித்தனியே கம்பெனி வாசலில் நிற்கவேண்டுமா? வேண்டாம். 1903-இல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள், கம்பெனிகள் தங்களிடம் அதிகம் வசூலிக்கின்றன என்று கருதித் தங்களுக்குள்ளேயே முனிசிபல் மியூச்சுவல் என்ற பரஸ்பர இன்ஷூரன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. நம் மொய் நோட்டைப் போன்ற ஏற்பாடுதான்: இன்று உனக்கு, நாளை எனக்கு. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நன்றாக நடந்து, நாட்டின் பெரும்பாலான உள்ளாட்சிகளை உள்ளிழுத்தது. பிறகு கையிருப்பு கரைந்தது. பங்கு விற்று மூலதனம் திரட்ட முடியாத அமைப்பு, 1992-இல் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்தியது. கல்நார் நோய் வழக்குகளும் குழந்தைகள் காப்பகங்கள் தொடர்பான பழைய வழக்குகளும் பின்னர் வரிசையாக வர, 2012-க்குப் பிறகு உள்ளாட்சிகள் தாங்கள் முன்பு வாங்கிய இழப்பீட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவேண்டியதாயிற்று. கூட்டு நிதியைத் தொடங்குவது எளிது. 30 ஆண்டு கழித்து வரும் வழக்குக்குப் பணம் எடுத்து வைப்பதுதான் கடினம்.

நம் நாட்டிலேயே மாதிரிகள் உண்டு. மைசூர் அரசு 1891-இல் தொடங்கிய இன்ஷூரன்ஸ் ஏற்பாட்டின் வாரிசுதான் இன்றைய கர்நாடக அரசு இன்ஷூரன்ஸ் துறை. கேரளத்துக்கும் தனித் துறை உண்டு. மகாராஷ்டிரம் அரசு இன்ஷூரன்ஸ் நிதி வைத்திருக்கிறது. நாகாலாந்து வேறு வழி பிடித்தது: 2021-இல் டாடா ஏஐஜியோடும் 2024-இல் எஸ்பிஐ ஜெனரலோடும் செய்த ஒப்பந்தங்களில், மழை குறித்த அளவைத் தாண்டினால் சர்வேயர் வராமலே பணம் வரும். பாதை அறுந்த மலைக்கு சர்வேயர் ஏறி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதது அதன் அழகு.

ஜவ்வாது, கல்வராயன், ஏற்காடு, கொல்லிமலை என்று மலை ஒன்றியங்கள் மட்டும் கூட்டுச் சேரலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். ஆசை நல்லது, கணக்கு தவறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டில் நின்று கொட்டியதை நினைத்துப் பாருங்கள். மலைக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் மரணம். தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டு-தொண்டமானூர் பாலம், சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதத்தில் அடித்துப் போயிற்று. ஏற்காடும் கல்வராயனும் அதே மழையில்தான் நனைந்தன. ஒரே நாளில் நனைபவர்கள் ஒருவருக்கொருவர் குடை பிடிக்க முடியாது. கூட்டு, மாநிலம் தழுவியதாக இருக்கவேண்டும். ஜவ்வாது மலையோடு ராமநாதபுரமும் சேரவேண்டும். அந்த நிதியே கம்பெனிகளிடம் மொத்தமாகப் பேசிப் பெரும் நஷ்டத்துக்கு மட்டும் பாதுகாப்பு வாங்கலாம். அப்போது மோட்டார் எரிவது போன்ற சில்லறையை ஒன்றியமே தாங்கிக்கொள்ளலாம்.

இதற்கு முதல் தடை பணமில்லை, பதிவேடு. விலை சொல்லும் முன் எந்தக் கம்பெனியும், நாளை எந்தக் கூட்டு நிதியும், கடந்த ஆண்டுகளில் என்ன நஷ்டம் என்று கேட்கும். நம் ஊராட்சிக் கணக்கில் கருகிய மோட்டார் 'மோட்டார் பழுது நீக்கம்' என்று செலவாக ஏறுகிறது. காற்றில் பறந்த கூரை 'பராமரிப்பு'. இடி விழுந்ததும் மரம் சாய்ந்ததும் எங்கேயும் ஏறுவதில்லை. தணிக்கையாளருக்கு ரசீது போதும், காரணம் வேண்டாம். தேதி, இடம், எதனால், எவ்வளவு, எத்தனை நாளில் சரியாயிற்று என்று ஐந்து பத்திகள் போட்ட ஒரு நோட்டை இந்த ஒன்றியம் வருகிற பருவமழையிலிருந்து தொடங்கினால், மூன்று ஆண்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இல்லாத ஒரு தகவல் உங்களிடம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். நோட்டை இன்றைக்கே வேண்டுமானாலும் கோடு போட்டுத் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் செயலர்கள் கொஞ்சம் இருங்கள்.